வாசல் விளக்கை யார் போடுகிறார்கள்?

மதுரை,
5.10.2025

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்கள் என்று எழுதித்தான் பழக்கம். அப்படியே எழுதுகிறேன்.

தொலைபேசியில் பேசத் தொடங்கினால் ஐந்து நிமிடத்துக்குள் தங்க வந்த விருந்தினர் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் முப்பத்தொரு ஆண்டுகள் லாட்ஜ் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தவனுக்கு அது புரியாததில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியவை சேர்ந்துகொண்டே போவதால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

முதலில் வாடைக் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி பாதி கடந்துவிட்டது. இதுவரை தென்கடலைப் புரட்டிக்கொண்டிருந்த தென்மேற்குக் கச்சான் காற்று ஓய்ந்து வாடை கிளம்பினால், குளம்போல் கிடக்கும் உங்கள் மண்டபத்து வடகடல் பொங்கத் தொடங்கும். சென்ற ஆண்டு நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது, மணல் மூட்டை அடுக்கியதிலிருந்து மோட்டாரைத் தூக்கி மேடைமேல் வைத்தது வரை ஒவ்வொன்றையும் மாப்பிள்ளை அரை மணிக்கொரு தடவை கூப்பிட்டு எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஆண்டு மணல் மூட்டைக்கு யாரிடம் சொல்லியிருக்கிறாய்? இப்போதே சொல்லி வை. மாடிக் கைப்பிடியை மாற்றும்போது கடைக்காரர் எவர்சில்வரில் 304 ரகத்தைக் காட்டினால் வாங்காதே. உப்புக் காற்றுக்கு 316 ரகம்தான் தாங்கும். ஏசியின் வெளிப்பெட்டியை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவச் சொல். வாடையில் துணி காயாது என்பதால் கட்டிலுக்கு மூன்று விரிப்பாவது இருக்க வேண்டும். இதையெல்லாம் போன கடிதத்திலும் எழுதியிருந்தேன்.

அதிலேயே இன்னொன்றும் கேட்டிருந்தேன். இரவில் வாசல் விளக்கை யார் போடுகிறார்கள்? பதினொரு மணிக்கு மேல் விருந்தினர் வந்தால் எழுந்துபோய்க் கதவைத் திறப்பது யார்? நீ பதில் சொல்லவில்லை.

தொழிலில் மந்தம் என்றால் எனக்குத் தெரியாதா? பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றபிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வண்டிகள் அக்கரை போகவில்லை. மண்டபத்தில் இறங்கிய ஜோடிகள் உன் வீட்டு மாடியில் இருந்தபடியே கடலைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் தங்கினார்கள். இந்த ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்ததும் அவர்கள் உன்னைத் தாண்டி இராமேசுவரம் போய்விடுகிறார்கள் என்று நீ சொன்னாய். உன் குரல் தாழ்ந்திருந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஆனால் அறை வாடகைக்கான வரி செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்த செய்தியை நான் மகிழ்ச்சியோடு சொன்னபோதும் அதே குரலில்தான் "சரிப்பா" என்றாய்.

பூவைப் பற்றியும் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் மாட்டுத்தாவணிச் சந்தையில் இரண்டு கிலோ மல்லிகை மொட்டு வாங்கி, ஈரத்துணியும் வாழையிலையும் சுற்றிக் காலைப் பேருந்தில் ஏற்றிவிடுவேன். விடியுமுன் பறித்த மொட்டு பகலில் பயணம் செய்து, நீங்கள் கட்டிலை அலங்கரித்து முடித்து, விருந்தினர் கடற்கரையிலிருந்து திரும்புகிற நேரத்துக்குச் சரியாக மலரும். நிறுத்தத்தில் நின்று வாங்கிக்கொண்டு, "மாமா, பூ வந்துவிட்டது" என்று மாப்பிள்ளை சொன்னால்தான் எனக்கு அன்றைய வேலை முடிந்ததாக இருக்கும். ஆடியிலிருந்து ஓர் ஆட்டோக்காரர்தான் வாங்குகிறார். ஆவணியில் பூவே வேண்டாம் என்றுவிட்டாய். விருந்தினர் கேட்பதில்லையாம். ஆவணி முகூர்த்தத்தில் தாலி கட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளா மல்லிகை கேட்கவில்லை?

நான் குறை சொல்லவில்லை. உன்னைப்போல் இந்தத் தொழிலை நான் நடத்தியதில்லை என்பதை வெளிப்படையாகவே எழுதுகிறேன். என் லாட்ஜில் பெண்ணின் கழுத்தைப் பார்க்காமல் ஜோடிக்குச் சாவி கொடுத்தது கிடையாது. மணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோதுகூட உன்னோடு சண்டை போட்டேன். நீயோ அடையாள அட்டையில் வயதைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு விவரப் படிவத்தை அனுப்பிவிட்டு, அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்காமல், பத்து மணி வரை காலை இடியாப்பத்தைச் சூடாக வைத்திருக்கிறாய். சென்ற மாதம் அங்கே தங்கிவிட்டு வந்த என் நண்பரின் மகன், ஆண் கடலும் பெண் கடலும் சேருகிற இடத்தைக் காட்ட நீ அவர்களை அரிச்சல்முனைக்கு அனுப்பிவைத்ததையும், திரும்பி வரும்போது மாடியில் இரண்டு நாற்காலி போட்டு விளக்கை ஏற்றி வைத்திருந்ததையும் சொன்னபோது, எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அந்த அக்கா ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கிறார்" என்று அவன் சொன்னது உன்னைப் பாராட்டித்தான். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அந்தச் சொல் என்னைக் குத்தியது.

நீ தொடங்கும்போது சுற்றுலா அமைச்சகத்தின் விதிகளை நாம் இருவரும்தான் சேர்ந்து படித்தோம். ஆறு அறைக்கு மேல் கூடாது, உரிமையாளர் குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும் என்று இருந்தது. "குடும்பத்தோடு" என்பதன் கீழ் நான் கோடு போட்டிருக்கிறேன். நேற்று அந்தத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

பால் காய்ச்சிய அன்று உன் பெரியப்பா, "கடற்கரை என்றால் நெய்தல், நெய்தலுக்கு உரியது பிரிவில் இரங்கல், கூடி இருப்பதற்கு மலைநிலமான குறிஞ்சி அல்லவா" என்று இலக்கணம் பேசினார். நல்ல நாளில் என்ன பேச்சு என்று நான் அவரோடு நான்கு மாதம் பேசவில்லை. இப்போது அந்தச் சொல் இரவில் நினைவுக்கு வருகிறது.

சித்திரைத் திருக்கல்யாணத்தன்று நீ மட்டும் வந்தாய். சன்னதித் தெருவில் பெண்கள் எல்லாரும் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தபோது, அம்மா கொடுத்த மஞ்சள் கயிற்றை நீ கைப்பையில் போட்டுக்கொண்டாய். வெயில், கூட்டம் என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். போன வாரம் தீபாவளிக்கு மாப்பிள்ளையின் சட்டை அளவு கேட்டேன். எட்டு ஆண்டாக நீ தைத்துக் கொடுக்கிற அளவு அது. "பிறகு சொல்கிறேன்" என்றாய்.

இதற்குமேல் உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கிற தகுதியும் எனக்கு இல்லை என்பதால் வேறொன்றைச் சொல்கிறேன்.

நீ ஒன்றாம் வகுப்பைச் சோழவந்தானில் படித்தாய். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று உனக்கும் ஊருக்கும் சொன்னோம். பாட்டி கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். இரண்டாம் மாடி கட்டுவதற்கு அம்மாவின் பதினெட்டுப் பவுனை அவளைக் கேட்காமல் நான் அடகு வைத்தேன். சித்தி கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பெட்டியைத் திறந்தவள் கேட்டாள். வேலையாட்கள் முன்னால் நான் அவளைச் சொல்லக் கூடாத சொற்களால் பேசினேன். மறுநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். ஒரு மணி நேரப் பயணம்தான், பாப்பா. இரண்டு முறை வைகைப் பாலம் வரை வந்து, அங்கே நின்றுவிட்டு, அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. என் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. "வீட்டில் எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்த ஏழு மாதமும் "நலம்" என்றே சொன்னேன்.

ஏழாவது மாதத்தில் ஒரு மாலையில் உன் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா லாட்ஜ் வாசலில் ஏறினாள். என்னிடம் ஒன்றும் பேசாமல் பதிவேட்டை இழுத்து, பெயர், ஊர், ஆட்கள் இரண்டு என்று எழுதி, முன்பணத்தை மேசைமேல் வைத்தாள். வந்த காரணம் என்ற கட்டத்தில் "சொந்த வேலை" என்று எழுதினாள். நான் ஏழாம் எண் அறையின் சாவியைக் கொடுத்தேன். மறுநாள் காலை நானே போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று அவளிடம் தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. லாட்ஜை விற்றபோது எல்லாப் பதிவேடுகளையும் எடைக்குப் போட்டேன். அந்த ஒரு பதிவேடு மட்டும் பீரோவில் இருக்கிறது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இந்தத் தாள்களை ஒவ்வொன்றாக வாங்கிப் படிக்கிறாள். முதலில் பதினாறு பவுன் என்று எழுதியிருந்தேன். பதினெட்டு என்று அவள்தான் திருத்தினாள். வேறொன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உன் பெட்டிக்குள் வைக்கச் சுண்டைவற்றல் எடுத்துவரப் போயிருக்கிறாள்.

அடுத்த வியாழக்கிழமை காலைப் பாசஞ்சரில் நாங்கள் இருவரும் வருகிறோம். மண்டபத்தில் இறங்கி நாங்களே ஆட்டோ பிடித்துக்கொள்வோம், நீ நிலையத்துக்கு வர வேண்டாம். மாப்பிள்ளை அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருகிறோம். ஒரு பெட்டி பூவும் கொண்டுவருகிறேன், விருந்தினருக்கு வேண்டாம் என்றால் சாமிக்குப் போடலாம். கீழ்த்தளத்தில் வாசலை ஒட்டிய அறையை எங்களுக்கு ஒதுக்கி வை. இரவில் யாராவது மணி அடித்தால் எழுந்துபோய் விளக்கைப் போட நான் இருக்கிறேன், அது எனக்குப் பழகிய வேலை. எத்தனை நாள் என்று கேட்காதே. முறைப்படி பதிவேட்டில் எங்கள் பெயரை எழுது, வாடகையும் போடு. வந்த காரணம் என்கிற கட்டத்தை மட்டும் விட்டுவை. அதை அம்மா எழுதிக்கொள்கிறாளாம்.

அன்புடன்,
அப்பா