முதலில் அவர் சொன்னதைச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் நீங்கள் எழுதிய தலையங்கத்தை இரண்டு முறை படித்தேன். நான் புரிந்துகொண்டது இதுதான்: இணையத்தில் அரசியல் பேசுகிறவர்கள் போலிப் பெயருக்குள் ஒளிந்துகொள்வதால்தான் பேச்சு இவ்வளவு தரம் கெட்டுவிட்டது, உண்மைப் பெயரும் அடையாள அட்டையும் கட்டாயமானால் வசை பாதியாவது குறையும், வேறு மொழி, வேறு மதம், வேறு நிறம் கொண்டவர்கள்மீது வெறுப்பைக் கொட்டுகிறவர்களுக்கு ஒரு பயம் வரும். தவறாகச் சொல்லியிருந்தால் திருத்துங்கள். ஏன் இப்படித் தொடங்குகிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உங்களுக்கு உள்ள கோபம் எனக்கும் உண்டு. ஆனால் நோய் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த வைத்தியத்தை ஒரு நாடு செய்து பார்த்திருக்கிறது. தென் கொரியா 2007ல் பெரிய இணையதளங்களில் கருத்து எழுதுகிறவர்கள் தங்கள் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்று விதித்தது. 2011ல் ஒரு பெரிய இணைய நிறுவனத்திலிருந்து சுமார் 3.5 கோடி பேரின் விவரங்கள் களவுபோயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்தது. சட்டவிரோதமான பதிவுகள் குறிப்பிடும்படி குறைந்ததற்கு ஆதாரம் இல்லை, மக்கள் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போய்விட்டார்கள் என்பதும் அது சொன்ன காரணங்களில் அடக்கம்.

அவ்வளவு தூரம் போவானேன். எங்கள் குடும்பக் குழுவில் 31 பேர். ஒருவரும் முகமூடி போட்டவர் இல்லை. சொந்தப் பெயர், சொந்தப் படம். சிலர் பேரக்குழந்தையை மடியில் வைத்து எடுத்த படத்தையே போட்டிருக்கிறார்கள். 11 மாதத்துக்கு முன்னால் ஓர் இரவில் நாங்கள் பேசிய பேச்சை முகம் தெரியாதவர்கள்கூடப் பேச மாட்டார்கள்.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் 23 ஆண்டுகள் வாய்மொழி மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். மருத்துவமனை, நீதிமன்றம், வாடகைத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் அலுவலகம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்து ஒருவர் பேச்சை இன்னொருவர் மொழியில் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்று உண்டு. ‘அவருக்கு வலிக்கிறதாம்’ என்று சொல்லக் கூடாது. ‘எனக்கு வலிக்கிறது’ என்றே சொல்ல வேண்டும். பேசுகிறவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’. அவர் திட்டினால் அந்தத் திட்டும் அப்படியே போக வேண்டும். மெருகு போடக் கூடாது, காரம் சேர்க்கவும் கூடாது. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத கருத்துகளை எத்தனையோ முறை என் வாயால் ‘நான்’ போட்டுச் சொல்லியிருக்கிறேன். சொன்னதனால் எதுவும் எனக்குப் பிடித்துப்போய்விடவில்லை. ஆனால் சொன்ன ஆளை வெறும் முட்டாள் என்றோ கொடியவர் என்றோ ஒதுக்குவது கடினமாகிவிடும். அவர் எந்த வழியாக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பது நம் நாக்கில் தங்கிவிடுகிறது.

இத்தனை பழகியும் அந்த இரவில் எனக்கு ஒன்றும் உதவவில்லை. சித்தப்பா மகன் ஒரு காணொளியை அனுப்பினான். வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் வரிசையை மீறிக்கொண்டு உதவி வாங்குகிறார்கள் என்று காட்டும் காணொளி. அது பழையது, வேறெங்கோ எடுத்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதற்குக் கீழே என் அண்ணன், ‘யார் வேணும்னாலும் வரட்டும், வரிசையில் வரட்டும்’ என்று எழுதினார். நான் உடனே, ‘யாரும் வரவே கூடாது என்கிறீர்கள், மனசாட்சி இருக்கிறதா’ என்று கேட்டேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. பதிலுக்கு அவர், ‘அப்போ சட்டமே வேண்டாம் என்கிறாய்’ என்றார். நானும் அப்படிச் சொல்லவில்லை. அப்புறம் மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, இரவு ஒன்றரை மணி வரை 140 செய்திகள். பிறகு ஒரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். அண்ணனும் நானும் எழுதியவற்றில், எதிரே இருப்பவர் உண்மையிலேயே சொன்ன ஒன்றுக்குப் பதில் என்று எடுத்துக்கொள்ளக்கூடியவை 6 மட்டும்தான்.

அதோடு நின்றிருந்தால் அண்ணன் தங்கை சண்டை என்று விட்டிருக்கலாம். என் மருமகளும் அந்தக் குழுவில் இருந்தாள். அவள் தாய்மொழி தமிழ் இல்லை. அவள் வீட்டார் போரிலிருந்து தப்பி வந்து குடியேறியவர்கள். நாங்கள் எழுதுவதை அவள் கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுத்தான் படிப்பாள். அவளைப் போன்றவர்களுக்காகத்தான் வாதாடுகிறேன் என்ற நினைப்பில் நான், ‘அவங்க பாவம், எங்கேதான் போவாங்க’ என்று எழுதினேன். நாம் ஒருவரைப் ‘பாவம்’ என்றால் அது இரக்கம். செயலிக்குத் தெரிந்தது புண்ணியத்துக்கு எதிரான பாவம். ‘அவர்கள் பாவம் செய்தவர்கள்’ என்பதுபோல அவளுக்குக் காட்டியிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் அவள் பெயரும் ‘வெளியேறினார்’ என்ற சொல்லும் சாம்பல் நிறத்தில் ஒரு வரியாக வந்தன. இரண்டு மொழிக்கு நடுவே நின்று சாப்பிட்டவள் நான். என் வீட்டுக்குள்ளேயே என் சொல் இப்படிப் போய்ச் சேர்ந்தது.

நிறுவனங்களுக்கு இதில் பங்கில்லையா என்றால், பெரிய பங்கு உண்டு. ஃபேஸ்புக் 2017ல் கோபமுகக் குறிக்கு, சாதாரண விருப்பக் குறியைப் போல 5 மடங்கு மதிப்புக் கொடுத்து, அதை வைத்து எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று தீர்மானித்தது. பின்னால் படிப்படியாகக் குறைத்துப் பூஜ்யமாக்கினார்கள். இதெல்லாம் 2021ல் அந்நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்தபோது தெரிந்தது. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வு அமெரிக்க அரசியல்வாதிகளும் செய்தி நிறுவனங்களும் போட்ட 27 லட்சம் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. எதிரணியைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லும் அந்தப் பதிவு பகிரப்படும் வாய்ப்பைச் சுமார் 67 சதவீதம் கூட்டியது. எங்கள் குடும்பக் குழுவில் எதை மேலே காட்டுவது என்று தீர்மானிக்கும் இயந்திரம் எதுவும் இல்லை. ஆனால் அங்கே வந்து விழுந்த காணொளி அப்படிப்பட்ட ஒரு சந்தையில் ஜெயித்துவிட்டு வந்தது.

ஆனால் ஒரு சின்னக் கேள்விக்கும் பலம் உண்டு. 2020ல் ட்விட்டர், ஒரு கட்டுரையைத் திறக்காமலே பகிரப் போகிறவர்களிடம் ‘முதலில் படிக்க விருப்பமா’ என்று கேட்டுப் பார்த்தது. அந்தக் கேள்வியைப் பார்த்தவர்கள் கட்டுரையைத் திறந்தது 40 சதவீதம் கூடியது. தடையும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை.

ஒரே சொல் ஆளுக்கொரு விதமாக விழும் என்பதற்கு ‘பன்முகக் கலாசாரம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்; பல மொழி, மதம், வழக்கம் உள்ளவர்கள் அவற்றை விடாமலே ஒரே நாட்டில் சேர்ந்து வாழ்வது என்று பொருள். கனடா 1971ல் அதை அரசின் கொள்கையாக அறிவித்து 1988ல் சட்டமாக்கியது. அங்கே அது ஓர் அரசுக் கொள்கையின் பெயர். 2010 அக்டோபரில் ஜெர்மனியின் அப்போதைய பிரதமர் அங்கேலா மெர்க்கல் தன் கட்சியின் இளைஞர் அணிக் கூட்டத்தில், அது அடியோடு தோற்றுவிட்டது என்றார். அவர் தோற்றதாகச் சொன்னது, பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டே சந்தோஷமாக வாழ்ந்துவிடலாம் என்ற எண்ணத்தை. வந்தவர்கள் ஜெர்மன் மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அதே மெர்க்கல்தான் 2015ல் அகதிகள் லட்சக்கணக்கில் வந்தபோது ‘நம்மால் முடியும்’ என்றார். ஒரே ஒரு வரியை வெட்டி எடுத்தால் அவரை எந்தப் பக்கத்திலும் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். ‘பன்முகக் கலாசாரம் தோற்றுவிட்டது’ என்று இன்று ஒருவர் எழுதும்போது ஒரு கொள்கையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். என் மருமகள் காதில் அது ‘நீ போய்விடு’ என்று விழுகிறது. அந்தப் பொருளிலேயே சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை நான் மறைக்க மாட்டேன். எந்தப் பொருளில் சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்காமலே சண்டைக்குக் கிளம்பிவிடுகிறோமே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வாடகை அலுவலகத்தில் நடந்த ஒன்றை, ஆள் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். கீழ் வீட்டில் ஒரு பெரியவர், தமிழர். மேல் வீட்டில் வேறு மொழி பேசும் ஒரு பெண். ‘இவங்க வந்த பிறகுதான் இந்தக் கட்டடமே நாசமாப் போச்சு’ என்று அவர் தொடங்கினார். சமரசம் செய்தவர் ஒரு நிபந்தனை வைத்தார்: பதில் சொல்வதற்கு முன்னால், மற்றவர் என்ன சொன்னார் என்று சொல்ல வேண்டும், அவர் ‘ஆமாம்’ என்ற பிறகுதான் தன் பேச்சு. அந்தப் பெண் பேசி முடித்ததும் பெரியவர், ‘பிள்ளைகளை அடக்க மாட்டேன்னு சொல்றாங்க’ என்றார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். ‘என் தூக்கம் அவங்களுக்கு முக்கியமில்லையாம்.’ அதற்கும் இல்லை. மூன்றாவது முறை ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, ‘சாயங்காலம் வேலைக்குக் கிளம்பிட்டா பிள்ளைகள் தனியா இருக்குதுங்க, பார்த்துக்க ஆள் இல்லை’ என்றார். அவள் ஆமாம் என்றாள். அவருடைய மனைவி நோயாளி, வலியில்லாமல் தூங்குவது அந்த நேரத்தில்தான் என்று அவளும் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. இருவரும் நண்பர்களாகிவிடவில்லை. கனமான தரைவிரிப்பு ஒன்று போடுவது, எந்த நேரத்துக்குப் பிறகு ஓடக் கூடாது என்பது, அவ்வளவுதான் முடிவானது. ஆனால் வெளியே போகும்போது பெரியவர் வாயில் ‘இவங்க’ போய் ‘இந்தம்மா’ வந்திருந்தது.

இது அந்த அலுவலகம் கண்டுபிடித்ததில்லை. கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1951லேயே இந்த விதியைச் சொல்லி, கேட்க எளிதாக இருக்கும், செய்து பார்த்தால்தான் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும் என்றும் சொன்னார். எதிர்க்கருத்தை வெறுமனே கண்ணில் காட்டிக்கொண்டே இருந்தால் மனம் இளகிவிடாது. 2018ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க ட்விட்டர் பயனாளர்களை ஒரு மாதம் எதிரணியின் செய்திகளைப் பார்க்க வைத்தார்கள். குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் தங்கள் பக்கத்திலேயே இன்னும் இறுகிப்போனார்கள். மாறாக, அமெரிக்காவின் மயாமியில் திருநர்களைப் பற்றிய வெறுப்பைக் குறைக்க, வீட்டு வாசலில் நின்று சுமார் 10 நிமிடம் பேசினார்கள். குறை சொல்லாமல், வீட்டுக்காரர்களைப் பேசவிட்டுக் கேட்டார்கள். அதன் பலன் குறைந்தது 3 மாதம் நிலைத்தது என்று 2016ல் எழுதினார்கள்.

ஒரு இனத்தையே விரட்ட வேண்டும் என்று கத்துகிறவரிடமும் இதையா செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். கொலை மிரட்டலுக்கு வழி புகார்தான். தாக்கப்படுகிறவர் மீதும் இந்தக் கடமையை நான் சுமத்த மாட்டேன். என் மருமகள் யாருக்கும் எதையும் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. என்னைப் போல, அடி படாத இடத்தில் வசதியாக உட்கார்ந்து வாதாடுகிறவர்களுக்குத்தான் இது கடமை.

மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு நாள் அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ‘நீங்க சொன்னதை நான் சொல்றேன் அண்ணா, சரியா இருக்கான்னு பாருங்க’ என்றேன். இரண்டு முறை ‘இல்லம்மா’ என்றார். அப்புறம்தான் வந்தது. குடியேறும்போது தன் காகிதங்களுக்காக அவர் 9 வருஷம் காத்திருந்தார். மனைவியையும் பிள்ளைகளையும் பிரிந்திருந்தார். வரிசை என்று அவர் எழுதியது அவர் நின்ற வரிசையை. அந்த 9 வருஷமும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றிரவு அது என் நினைவில் இல்லை. உயிருக்குத் தப்பி ஓடுகிறவர்களுக்கு நிற்க வரிசையே இல்லை என்பது என் கருத்து. அதை அவர் திருப்பிச் சொன்னார், முதல் முறையே சரியாக. இன்றும் அவர் கருத்து அவருக்கு, என் கருத்து எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்கிறோம்.

மருமகளை நேரில் போய்ப் பார்த்தேன். ‘பாவம்’ என்ற சொல்லை விளக்க முற்பட்டேன். ‘செயலி தவறாகச் சொல்லியிருக்கும் என்று தெரியும் அம்மா, நீங்கள் அப்படி எழுத மாட்டீர்கள்’ என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, ‘ஆனால் நான் அங்கேதான் இருந்தேன். என்னைப் போன்றவர்களைப் பற்றி எல்லோரும் பேசினீர்கள். ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை’ என்றாள். அதை அவளுக்குத் திருப்பிச் சொன்னேன். அவள் இன்னும் குழுவுக்குத் திரும்பவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாசகர் கடிதப் பகுதியில் ஒரு கட்டுரைக்கோ இன்னொருவர் கடிதத்துக்கோ மறுப்பு எழுதுகிறவர்கள், மறுக்கப்படுகிறவர் சொன்னது என்ன என்று முதல் பத்தியில் எழுதியே ஆக வேண்டும் என்று விதி வையுங்கள். முடிந்தால் அந்தப் பத்தியை மட்டும் மூலக் கட்டுரை எழுதியவருக்கு அனுப்பி, ‘இது நீங்கள் சொன்னதுதானா’ என்று கேட்டுவிட்டு அச்சிடுங்கள். உங்கள் இணையப் பதிப்பிலும் இதைச் செய்யலாம். கடிதங்கள் தாமதமாகும், எண்ணிக்கை குறையும். குறையட்டும்.

இந்தக் கடிதத்தை நான் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். உங்கள் தலையங்கத்தை நான் சரியாகச் சொல்லவில்லை என்றால் ஒரு வரி எழுதுங்கள். முதல் பத்தியிலிருந்து மறுபடி எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர், உங்கள் நெடுநாள் வாசகி