எங்கள் ஆலயத்தின் மைக் செட்டைப் பேச வைத்தவர்களுக்கு நன்றி

கர்த்தருக்குள் அன்பான எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

பிரதிஷ்டைப் பண்டிகை நல்லபடியாக முடிந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் மழையில் கரண்டும் போய், மைக் செட்டும் கரகரப்பும் இரைச்சலுமாகப் படுத்துவிட, நாங்கள் எந்த நிலைமையில் நின்றோம் என்பது கோத்தகிரி வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அதை விரிவாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஞாயிறு காலை முதல் பாட்டிலிருந்து ஆசீர்வாதம் வரை கடைசி பெஞ்சுக்கும் கேட்டது. அதற்குக் காரணமானவர்களுக்கு இன்றே நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கொட்டும் மழையில் மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஒயரும் ஃபியூஸும் வாங்கி வந்த ஜீப் தம்பிக்கும், சாத்திய ஷட்டரை மறுபடி தூக்கிச் சாமான் எடுத்துக் கொடுத்த கடைக்காரருக்கும், மரம் விழுந்த லைனைச் சரிசெய்து கரண்ட் கொடுத்த ஈ.பி. அண்ணன்மாருக்கும், தங்கள் சவுண்ட் மிக்ஸரைக் கழற்றிக் கொடுத்தனுப்பிய குன்னூர் சபையாருக்கும், தூங்காமல் வரக்காப்பி போட்டுக் கொடுத்த பெண்கள் ஐக்கிய அக்காமாருக்கும், ஜெபித்து முடித்த கையோடு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆயர் ஐயாவுக்கும் எங்கள் சபையின் மனமார்ந்த நன்றி. ஒருவர் இல்லாவிட்டாலும் காரியம் நடந்திருக்காது.

இனி ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கட்டபெட்டு பக்கம் ஒரு படுகர் ஹட்டியை, அதாவது படுகர் ஊரைச் சேர்ந்தவர், தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். எங்கள் சபையில் யாரையும் அவருக்குப் பழக்கமில்லை. கூட வேலை பார்க்கும் பையன் சொன்னான் என்று ஷிஃப்ட் முடிந்த கையோடு, நனைந்த ஜெர்க்கினோடு, டெஸ்டரும் மீட்டரும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

அதற்குள் ஆம்ப்ளிஃபையர் போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அண்ணன் அதைத் திறக்கவே இல்லை. ஆஃப் பண்ணச் சொன்னார். "இது நூறு வோல்ட் லைன், ஓடும்போது கை வைச்சா ஷாக் அடிக்கும்" என்று பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்தார். பின்னால் இருந்த ஸ்பீக்கர் லைன் எல்லாவற்றையும் கழற்றி, காலம் ஸ்பீக்கர் (தூண் மாதிரி நீளமான பெட்டி) ஒன்றை மட்டும் சின்ன ஒயரில் நேராக மாட்டினார். சத்தம் சுத்தமாக வந்தது. "மெஷின் நல்லாத்தான் இருக்கு. வெளியே எங்கேயோ பிடிச்சு இழுக்குது."

அப்புறம் ஒவ்வொரு லைனாகச் சேர்த்துக்கொண்டே வந்தார். உள்ளே இருக்கும் நாலு காலம் ஸ்பீக்கருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெளி ஹார்ன் லைனைக் கொடுத்ததும் சத்தம் கரகரத்து அமுங்கிப் போனது. மேலே ஏறி ஹார்னைக் கழற்றிவிட்டு ஒயரை மட்டும் அளந்தார். மறு முனையில் எதுவும் மாட்டாத ஒயரில் இரண்டு கம்பிக்கும் நடுவே மீட்டர் எதையும் காட்டக்கூடாது. காட்டியது. பாதியில் பிரித்து, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்துக்கொண்டே போய், மணிக்கூண்டுக்குப் போகும் சுவரில் கூரை விளிம்புக்குக் கீழே ஒரு ஜாயின்டில் நின்றார். டேப் இளகி, செம்பு பச்சை பூத்து, ஒயர் வழியாக வழிந்த தண்ணீர் நேராக அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை எங்கள் பக்கச் சரிவில் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். புது ஒயர் போட்டு, சுவருக்குள் நுழையும் முன் தண்ணீர் சொட்டிப் போகிற மாதிரி ஒரு வளைவு தொங்கவிட்டார்.

இரைச்சலும் இருந்ததே, அதுவும் போனது. மிக்ஸர் ஒரு சுவர் பிளக்கிலும் கீபோர்டு எதிர்ச் சுவர் பிளக்கிலும் மாட்டியிருந்ததுதான் காரணம். இரண்டையும் ஒரே போர்டுக்குக் கொண்டு வந்ததும் ஹம்மிங் நின்றது. எர்த் பின்னை எடுத்துவிட்டாலும் நிற்குமாமே என்று ஒரு பையன் கேட்டான். "நிக்கும். ஒரு நாள் மைக்கைப் பிடிக்கிறவன் உயிரும் நிக்கும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இவ்வளவுக்கே நாங்கள் காலில் விழுந்திருப்போம். அவர் கிளம்பவில்லை. பாடகர் குழுவுக்கு முன்னால் இருக்கும் இரண்டு எட்டு ஓம் ஸ்பீக்கர் பாக்ஸில் பேஸ், அதாவது கனத்த அடித்தொனி, ஏன் இல்லை என்று யோசித்தார். சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றரை வோல்ட் செல்லைக் கழற்றி, பத்தாம் வகுப்பு படிக்கும் எங்கள் பாப்பா கையில் கொடுத்தார். ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றிய ஒயரின் பிளஸ்ஸில் செல்லின் பிளஸ்ஸைத் தொடச் சொன்னார். டொப் என்று ஒரு பாக்ஸின் கோன் முன்னால் வந்தது, இன்னொன்றின் கோன் உள்ளே போனது. ஒன்றில் ஒயர் மாறியிருந்தது, ஒன்று தள்ளுவதை மற்றது இழுத்துக்கொண்டிருந்தது. மாற்றி மாட்டியது பாப்பாதான். கடிகாரத்துக்கு செல்லைத் திரும்பப் போட்டு மணியும் சரிசெய்து வைத்தார்.

அப்புறம் முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி கேட்டார். கை கிழித்துக்கொண்டார் என்று பதறினோம். துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் சுற்றி, பால்பாயின்ட் பேனாவால் எழுத ஆரம்பித்தார். 'இடது 2, ஞானஸ்நானத் தொட்டி பக்கம்.' 'வெளி ஹார்ன், மழைக்கு அப்புறம் பார்க்கவும்.' அலமாரிக் கதவின் உள்பக்கம் கணக்கையும் எழுதி வைத்தார்: நாலு காலம் 20 வாட் வீதம் 80, ஹார்ன் 25, மொத்தம் 105, ஆம்ப்ளிஃபையர் 120, அதற்கு மேல் ஒன்றும் சேர்க்காதே. 20 வாட் டேப்புக்கு (ஸ்பீக்கரில் 20 வாட்டுக்கான இணைப்புக்கு) 500 ஓம், சாதா மீட்டர் அதைவிட ரொம்பக் குறைவாகத்தான் காட்டும், அதைப் பார்த்து ஸ்பீக்கரைத் தூக்கிப் போட்டுவிடாதே என்றும் எழுதினார். விடியற்காலை குளிரில், விறைத்த விரலை ஊதி ஊதி எழுதினார். ஏன் அண்ணா இவ்வளவு மெனக்கெடுறீங்க என்று கேட்டேன். "அடுத்த வாட்டி நான் ஷிஃப்ட்ல இருந்தா?" என்றார்.

ரிப்பேர் பார்க்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தான் இல்லாமலும் நமக்கு ஓட வேண்டும் என்று நினைத்து வேலை செய்தவரை இப்போதுதான் பார்க்கிறேன். காசு வாங்கவில்லை. அதைவிட இந்தப் பிளாஸ்திரித் துண்டுகள்தான் என் மனதை விட்டுப் போக மறுக்கின்றன.

மைக் இல்லாமல் சத்தமாகப் பேசிக்கொண்டால் போதாதா என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். எங்கள் பெஞ்சுகளில் பாதிப் பேர் ஃபேக்டரியில் தேயிலை ரோலர் மெஷின் பக்கத்திலேயே காலம் தள்ளி, பாதிக் காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள். உதட்டைப் பார்த்து ஆமென் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பின்வரிசைப் பாட்டி ஒருவர் பிரசங்கத்துக்கு நடுவில் பக்கத்தில் இருந்தவரிடம், "ஐயர் இவ்வளவு நல்லாப் பேசுவாரா?" என்று கேட்டாராம். அந்த அண்ணனிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சபைக் கமிட்டியில் பேசி முடிவு செய்துவிட்டோம். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மே மாதமும், அடுத்த மழைக்கு முன்னால் செப்டம்பரிலும் ஏணி போட்டு எல்லா ஜாயின்டையும் பார்ப்போம். ஆம்ப்ளிஃபையர் மேல் பூ வேலை செய்த துணி இனி போர்த்தப்படாது, அதற்குக் காற்று வேண்டும். அலமாரிக்குள் ஈரம் தங்காமல் இருக்க, செட் ஓடாத நாட்களில் ஒரு சின்ன பல்பு எரியும். இதற்கெல்லாம் பொறுப்பு பாப்பாவும் வாலிபர் சங்கத்துப் பையன்களும்.

அண்ணனுடைய ஹட்டியில் படுகர்கள் தங்கள் ஹெத்தை அம்மனுக்குக் கொண்டாடும் ஹெத்தை பண்டிகை வருகிறது. அங்கேயும் பனியில் ஸ்பீக்கர் மக்கர் பண்ணும் என்று பேச்சுவாக்கில் சொன்னார். எங்கள் இரண்டு பாக்ஸையும் ஸ்டாண்டோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு முந்தின நாளே போகிறோம். கூட வர நினைப்பவர்கள் ஆராதனை முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.