வண்ணப் பாடநூல்களுக்குக் கறுப்பு வெள்ளைப் பதிப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேசிய கல்வி நிறுவகமும் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் தமது நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரவிறக்க வசதி செய்திருப்பது மலையகப் பிள்ளைகளுக்குப் பேருதவியாகும். ஆயினும் படங்கள் நிறைந்த ஓர் ஆவணம் கைத்தொலைபேசியில் இருக்கும்வரைதான் இலவசம். அதைக் கடதாசியில் எடுக்கும்போதுதான் தோட்டத்துப் பெற்றோரின் கை கடிக்கிறது.

கடந்த தவணையில் என் மாணவி ஒருத்தி, 112 பக்கங்கள் கொண்ட புவியியல் ஆவணம் ஒன்றை முழுவதும் வண்ணத்தில் அச்சிட்டு வந்தாள். தாய் கொழுந்து பறித்துப் பெற்ற சம்பளத்தில் இரண்டு நாட்களுக்கு மேற்பட்ட தொகை அதற்கே போயிற்று. இருவரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தோம். வண்ணம் இல்லாவிட்டால் பொருள் கெட்டுவிடும் பக்கங்கள் 14 மட்டுமே இருந்தன. மற்றவற்றில் நிறம் தலைப்புக்கும் பின்னணிக்கும் அழகு சேர்த்ததே தவிர வேறு பயன் தரவில்லை.

ஆகவே, அச்சிடக் கொடுக்குமுன் வண்ணம் அவசியமான பக்க எண்களைத் தாளில் குறித்துச் சென்று, அவற்றை மட்டும் வண்ணத்திலும் எஞ்சியவற்றைக் கறுப்பு வெள்ளையில் இருபுறமும் எடுக்குமாறு கேட்பதே முதல் வழி. அச்சு இயந்திரத்தின் மைத்தூள் குப்பியான டோனர் ஒன்று எத்தனை பக்கங்களுக்கு வரும் என்ற கணக்கு, பக்கமொன்றில் ஏறத்தாழ 5 சதவீதப் பரப்பில் மட்டும் மை படியும் என்ற அடிப்படையில் போடப்படுகிறது. தாள் முழுவதும் கரும்பின்னணி கொண்ட ஒரு பக்கம் அதைப் போல் 20 மடங்கு மையை உறிஞ்சும் என்பதால், அட்டைப் படத்தையும் பிரிவுத் தொடக்கப் படங்களையும் விட்டுவிடலாம். ஆவணத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவோர், பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பாமல் பி.டி.எப். கோப்பாகவே அனுப்பினால் எழுத்தும் கோடும் மங்கா.

செலவைக் குறைக்க ஒரே தாளில் இரு பக்கங்களைச் சுருக்கி எடுப்பது பாடக்குறிப்புக்குப் பொருந்தும். நில அமைப்பை அளவுத்திட்டப்படி காட்டும் இடவிளக்கப் படத்துக்குப் பொருந்தாது. 1:50,000 அளவுத்திட்டப் படத்தில் ஒரு கிலோமீற்றர் 2 சென்ரிமீற்றராக இருக்க வேண்டும். ஏ4 பக்கம் பாதித் தாளுக்குச் சுருங்கும்போது அது சுமார் 1.4 சென்ரிமீற்றராகிவிடுகிறது, ஆனால் படத்தின் கீழே 1:50,000 என்றே அச்சாகியிருக்கும். நூலிழை வைத்துத் தூரம் அளக்கும் பிள்ளை, தன் பிழையின்றியே தவறான விடை எழுதுகிறது. கணினியில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தெரிவும் இதே குறையைச் சிறிதளவில் செய்யக்கூடும் என்பதால், படங்களை நூற்றுக்கு நூறு அளவில் எடுக்குமாறு கடையில் சொல்வது அவசியம்.

வகுப்புக்கே பிரதிகள் தேவைப்படின், பாடசாலையிலுள்ள ரோனியோ இயந்திரம் போட்டோ கொப்பியைவிடச் சிக்கனமானது. மாஸ்டர் எனப்படும் மூலத்தாள் ஒன்றை வெட்டிவிட்டால் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். வண்ணப் படங்களை நாலைந்து மாணவர் ஒரு தொகுதியாக வாங்கிப் பகிர்வதை நான் இப்போது வழக்கமாக்கியுள்ளேன்.

இவையெல்லாம் எங்களால் இயன்றவை. வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிப் போவதை மட்டும் எந்தக் கடைக்காரராலும் சீர்செய்ய முடியாது. அது நூலை வடிவமைப்போர் கையில் உள்ளது. எனவே, நிறத்துக்குப் பதிலாகக் கோட்டு நிழலும் புள்ளியும் கொண்டு பிரதேசங்களை வேறுபடுத்தி, பின்னணி நிறத்தை நீக்கி, தவிர்க்க முடியாத வண்ணப் படங்களை இறுதியில் ஒருசேர வைத்த கறுப்பு வெள்ளைப் பதிப்பொன்றையும், இணையத்திலுள்ள வண்ணப் பதிப்போடு சேர்த்து வெளியிடுமாறு அதிகாரிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
புவியியல் ஆசிரியர் ஒருவர்,
பொகவந்தலாவை