ஆத்தாவுக்கு: கூடல்வாய், பணியார மாவு, 2 மார்க்

உ
சிவமயம்

வின்னிபெக், கனடா
மார்கழி 2

அன்புள்ள ஆத்தாவுக்கு,

இங்கு நலம். அங்கு நீங்கள், அப்பச்சி, அப்பத்தா, தம்பி எல்லோரும் நலமா? பள்ளத்தூரில் மழை விட்டதா? நிற்க.

உங்கள் கடிதம் கார்த்திகை தீபத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. உடனே பதில் போடாதது என் தப்புத்தான். போனில் "சாப்பிட்டியா, குளிரா" என்று நாலு வார்த்தையோடு முடிந்துவிடுகிறது, விவரமாகச் சொல்ல வேண்டியதெல்லாம் நின்றுபோகிறது. இரண்டாங்கட்டில் கூரை ஒழுகுகிறது, மோட்டார் ஓடவில்லை, தம்பி சி.ஏ. பரீட்சையில் ஒரு குரூப்பில் தேறவில்லை, அப்பச்சி யாரோடும் பேசுவதில்லை என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் "எல்லாம் நம்ம நேரம்" என்று முடித்திருந்தீர்கள். நேரத்தின் மேல் பழியைப் போட்டால் அதைச் சரிசெய்ய எந்த மேஸ்திரியும் வரமாட்டார். பிரித்துப் பார்த்தால் நாலும் நாலு வேலை, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஒவ்வொன்றாக எழுதுகிறேன். தம்பிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் இந்த ஊர். இப்போது காலை எட்டேகாலுக்கு மேல்தான் சூரியன் தலை காட்டும், சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டு. தை மாதத்தில் மைனஸ் 30 தொடுகிற நாளும் உண்டு. பயப்பட வேண்டாம், குளிருக்கென்று ஒரு முறை இருக்கிறது. உள்ளே பருத்திப் பனியன் கூடாது. வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைத்துவிடும். கம்பளியோ பாலியஸ்டரோ உடம்போடு ஒட்டி ஒன்று, அதற்கு மேல் தடிப்பாக ஒன்று, காற்றுப் புகாத மேல்கோட்டு ஒன்று. விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் சேர்ந்து கிடக்கும் உறைதான் சூடு. ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கிக்கொண்டால் ரத்தம் ஓடாமல் கால்தான் முதலில் விறைக்கும். காற்றோடு சேர்த்து மைனஸ் 28க்குக் கீழே போகிற நாளில், மூடாத தோல் 10 நிமிஷத்திலிருந்து 30 நிமிஷத்துக்குள் உறைந்துபோகலாம். அதனால் பஸ் எங்கே வருகிறது என்று போனில் பார்த்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவது. காரை நிறுத்தி வைத்திருக்கிறேன். பஸ்தான் சௌகரியம், நடையும் ஆயிற்று.

கீழ்வீட்டில் ஒரு உக்ரைன் வம்சத்துக் கிழவர், எண்பது வயசு இருக்கும். பனி விழுந்தால் வெளியே வந்து நின்று, வானத்தைப் பார்த்துத் தன் பாஷையில் ஒரு நிமிஷம் வாய் நிறையத் திட்டுவார். பிறகு முறம் போல அகன்ற மண்வெட்டியை எடுப்பார். திட்டையும் விடுவதில்லை, வேலையையும் விடுவதில்லை. 15 சென்டிமீட்டர் விழுந்து ஓயட்டும் என்று மற்றவர்கள் உள்ளே இருக்க, இவர் ஐந்து ஐந்தாக மூன்று தடவை இறங்கித் தள்ளுவார். மொத்தமாகக் கிடந்தால் தூக்க வேண்டும், முதுகு போகும். கொஞ்சமாக இருந்தால் தள்ளினாலே போதும். ஆள் மிதிப்பதற்கு முன்னால் தள்ள வேண்டும் என்பது அவர் கண்டிப்பு. மிதிபட்ட பனி இறுகிப் பாறையாகிவிடும், அதற்குக் கடப்பாரைதான். உப்புப் போட்டால் உருகாதா என்று அப்பத்தா கேட்பார். மைனஸ் 10, 15க்குக் கீழே சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது. அப்போது மணலைத் தூவுவார்கள், அது வழுக்காமல் இருக்க மட்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இட்லி மாவுதான் இங்கே எல்லோர் மனசையும் உடைப்பது. வீட்டுக்குள் 20 டிகிரி இருந்தாலும் நம்மூர்க் கணக்குப்படி ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் அப்படியே கிடக்கும். மாவு புளிக்க 28, 30 டிகிரியாவது வேண்டும். ஓவனைப் பற்றவைக்காமல் அதன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் 12 மணி நேரத்தில் பொங்கும். புது ஓவன்களில் எல்.இ.டி. விளக்கு, அதில் சூடே வராது; கீழ்த்தட்டில் ஒரு சட்டி வெந்நீர் வைத்து, ஆற ஆற மாற்ற வேண்டும். உள்ளே மாவு இருப்பது தெரியாமல் யாராவது ஓவனைத் திருகிவிடுவதுதான் பெரிய ஆபத்து. திருகு மேல் "மாவு" என்று காகிதம் ஒட்டிவைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாத நாளுக்கு இருக்கிறதே நம் வெள்ளைப் பணியாரம், புளிக்கவே வேண்டாம். ஒரு உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாக எவ்வளவு நிற்குமோ அவ்வளவு குவித்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெயாக அரைத்து, உப்பு, அரை ஸ்பூன் சீனி, கொஞ்சம் பால். நீங்கள் சொன்ன அளவு கடல் தாண்டியும் பிசகவில்லை. மாவு நீர்த்தால் எண்ணெயில் பரந்து அப்பளமாகிவிடுகிறது, கெட்டியானால் நடுவில் வேகாமல் கல்லாக நிற்கிறது. கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி விழுகிற பதம் சரி. ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஜன்னலைச் சாத்திவைத்து எண்ணெய் காய்ச்சினால் கூரையில் மாட்டியிருக்கும் புகை மணி கட்டடமே எழுந்திருக்கும்படி அலறும். சின்ன வாணலி, குறைந்த எண்ணெய், அடுப்புக்கு மேலுள்ள மின்விசிறியை முதலில் போட்டுவிட வேண்டும்.

பெட்டகத்தில் அப்பச்சியின் ஐயா எழுதிய ரங்கூன் குறிப்பேடு இருக்கிறதல்லவா? 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த வாரத்திலும் அரிசி இருப்பு எத்தனை மூட்டை என்று எழுதியிருக்கிறார். அதே முறையைத் தம்பிக்கும் சொல்லுங்கள். "நல்லதே நடக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ராத்திரி படுக்குமுன் நாலே வரி: என்ன கெட்டது, எதனால் கெட்டது, எது கெடவில்லை, நாளை முதல் வேலை என்ன. மூன்றாவது வரியை விடக்கூடாது. நாலுக்கு மேல் போனால் அது குறிப்பு இல்லை, ஒப்பாரி. மாசக் கடைசியில் ஐந்தொகை போடுகிற மாதிரி புரட்டிப் பார்த்தால் காரணம் தானே தெரியும். இங்கே ஏழு தடவை பஸ் தப்பியதில் ஐந்துக்குக் கையுறையைத் தேடியதுதான் காரணம். கதவுப் பக்கம் ஒரு ஆணி, அத்தோடு சரி.

தம்பி கணக்கு இதுதான். அவன் வாங்கியது 61, 52, 38. மொத்தம் 151, அதாவது 300க்குப் பாதி தாண்டிவிட்டது. ஒரு பேப்பரில் 40 எட்டவில்லை, அவ்வளவுதான். விழுந்தது 2 மார்க்கில். 60க்குக் குறையாமல் வாங்கிய பேப்பருக்கு அடுத்த மூன்று தடவைக்கு விலக்கு உண்டு, அந்த 61 மொத்தத்திலும் சேரும். மீதி இரண்டில் ஒவ்வொன்றிலும் 40க்குக் குறையாமல் கூட்டி 89 வந்தால் குரூப் முடிந்தது. மே மாதப் பரீட்சைக்கு அவன் படிக்க வேண்டியது மூன்று புத்தகம் இல்லை, இரண்டு. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்திருந்தால் 38 எங்கே போனது என்று பார்க்கட்டும். தெரியாமல் விட்டதா, நேரம் போதாமல் விட்டதா? நேரம் என்றால் புத்தகத்தைத் திரும்பப் படிப்பது வீண். கடிகாரம் வைத்து மூன்று மணி நேரம் எழுதிப் பழகுவதுதான் மருந்து. அப்பச்சியிடம் இந்த எண்களை மட்டும் காட்டுங்கள், வேறொன்றும் பேச வேண்டாம்.

மோட்டார் உறுமிவிட்டு நின்றுபோகிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் குழாயை மேலே தூக்குமுன் சுவரில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டியில் கண்டன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுதான் போயிருக்கும், சில நூறு ரூபாயில் முடியும். காயில் கட்ட வேண்டும் என்று எடுத்தவுடன் சொல்கிற ஆளை நம்ப வேண்டாம். வோல்டேஜ் 180க்குக் கீழே இருக்கும்போது போட்டாலும் இப்படித்தான் உறுமும். மெயினை அணைத்த பிறகும் கண்டன்சரில் கரண்ட் நிற்கும், தம்பி கை வைக்க வேண்டாம்.

ஒழுகலுக்கு ஓடு மாற்றுவது பிறகு. இரண்டு கூரை சேரும் கூடல்வாயில் வேப்பிலையும் சருகும் அடைத்திருந்தால் தண்ணீர் எதிரேறி ஓட்டுக்கு அடியில் புகும். முதலில் அதை வழித்துவிட்டு, வெயில் நாளில் ஒருவர் மேலே ஏறிக் கீழ் ஓட்டிலிருந்து ஆரம்பித்து மேல்நோக்கிக் குடம் குடமாக ஊற்றட்டும், இன்னொருவர் உள்ளே நின்று பார்க்கட்டும். எந்தக் குடத்துக்குச் சொட்டுகிறதோ அங்கேதான் ஓட்டை. மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் தெரியாது. சுவரில் சிமெண்ட் மட்டும் பூச விடாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சுக்குள் ஈரம் மாட்டிக்கொண்டு உப்பிக் கொட்டிவிடும்.

ஒழுகல் என்று எழுதும்போதே வளவில் நாலு பக்கமும் மழை விழுகிற சத்தம் கேட்கிறது. இங்கே பனி சத்தமே இல்லாமல் விழும், எத்தனை மணி நேரம் விழுந்தாலும் ஒரு சத்தம் இல்லை. அங்கே நீங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றும்போது இங்கே காலை ஆறரை, பஸ்ஸுக்கு நிற்கிற நேரம். வியாழக்கிழமைகளில் வேலை இல்லை என்றாலும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிடுகிறது. பிள்ளையார் நோன்பு வருகிறது. திரிக்குக் கோடி வேட்டியில் 21 இழை பிரித்து வைத்திருக்கிறேன், மாவுப் பிள்ளையாரும் பிடித்துவிடுவேன். இழை எடுத்துக் கொடுக்கத்தான் மூத்தவர் இல்லை. அப்பத்தாவைப் போனில் உட்காரவைத்தால் போதுமா, கேட்டு எழுதுங்கள்.

கூரை வேலை எல்லோருக்கும் பொதுவான தாழ்வாரப் பத்தியில் வருவதால் பெரியப்பச்சி வீட்டுச் சம்மதம் இல்லாமல் மேஸ்திரியை ஏற்ற வேண்டாம். போன தடவை போல வாய்வார்த்தையாக வேண்டாம். செலவைப் பங்குவாரியாகப் பிரித்து எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கோட்டையூர் அயித்தை நடுவில் இருந்தால் பெரியப்பச்சி மறுக்கமாட்டார். நம் பங்கு எவ்வளவு என்று எழுதுங்கள், தை கடைசியில் அனுப்புகிறேன். இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், வங்கியில் சின்ன வேலை இருக்கிறது. ஆச்சி சீமந்தத்துக்கு எடுத்து வைத்ததைத் தொட வேண்டாம். அப்பத்தா கண் ஆபரேஷனுக்கு எந்தத் தேதி கொடுத்தார்கள், அயித்தான் கூடப் போகிறாரா என்றும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்