ஸ்கல்லியின் கண்ணீருக்குத் துணை நின்றவர்களுக்கு: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடரின் நாயகி டேனா ஸ்கல்லியைப் பற்றி, குறிப்பாக எதற்கும் கலங்காதவளாக நமக்கு அறிமுகமான அவள் கலங்கி நிற்கும் தருணங்களைப் பற்றி, எங்கள் திரைப்பட வட்டத்தில் நான் ஆற்றிய உரை நல்லபடியாக நிறைவேறியது. அதற்குப் பல வகையிலும் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன். உரைக்கு உதவியவர்களை மட்டும் குறிப்பிட்டுவிட்டு, பேசுவதற்கு அப்படியொரு பெண்ணைப் படைத்துத் தந்தவர்களை விட்டுவிடுவது முறையாகாது என்பதால் அவர்களையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

முதல் நன்றி தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டருக்கு. 1993 செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய இத்தொடரில், வேற்றுக்கிரகவாசிகளையும் அமானுஷ்யங்களையும் நம்புகிறவனாக ஃபாக்ஸ் மல்டர் என்ற ஆணையும், மருத்துவம் படித்துவிட்டு, அவன் பணிபுரியும் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யில் சேர்ந்த, சான்று இல்லாமல் எதையும் ஏற்காத ஸ்கல்லி என்ற பெண்ணையும் அவர் எதிரெதிரே நிறுத்தினார். அறிவு ஆணுக்கு, உணர்ச்சி பெண்ணுக்கு என்று திரையில் காலங்காலமாக நடந்துவந்த பாகப்பிரிவினை அங்கே மாற்றி எழுதப்பட்டது. தொலைக்காட்சி நிர்வாகத்தினர் இன்னும் கவர்ச்சியான ஒரு நடிகையை எதிர்பார்த்தபோது, அதிகம் அறியப்படாத 24 வயதுக் கில்லியன் ஆண்டர்சன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் கார்ட்டரே.

ஆண்டர்சனுக்கு நான் சொல்லும் நன்றியில் சற்று வருத்தமும் கலந்திருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் மல்டராக உடன் நடித்த டேவிட் டுகோவ்னியைவிட மிகக் குறைந்த ஊதியமே தமக்குத் தரப்பட்டதையும், காட்சிகளில் அவருக்கு ஓரிரு அடி பின்னால் நிற்குமாறு தமக்குச் சொல்லப்பட்டதையும் அவர் பின்னாளில் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னார். ஸ்கல்லியின் நிமிர்ந்த தோள்களையும், பதற்றமான நேரத்திலும் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக ஒலிக்கும் அந்தக் குரலையும் கவனிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் செய்தி நினைவுக்கு வரும். ஆண்கள் நிறைந்த அலுவலகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீரும் தனக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்று தெரிந்த பெண்ணின் எச்சரிக்கை அதில் இருக்கிறது. அதைக் கல்மனம் என்று கொள்வது அவளுக்கு இழைக்கும் அநீதி.

அந்த எச்சரிக்கைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று முதன்முதலில் திறந்து காட்டியவர்கள் எழுத்தாளர்கள் க்ளென் மார்கனும் ஜேம்ஸ் வாங்கும், இயக்குநர் டேவிட் நட்டரும் ஆவர். 1994 ஜனவரி 7 அன்று ஒளிபரப்பான ‘பியாண்ட் தி சீ’ என்ற அத்தியாயத்துக்காக அவர்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். கடற்படை அதிகாரியான தந்தையும் தாயும் மகளின் வீட்டுக்கு வந்து இரவு உணவு அருந்திவிட்டுக் கிளம்புகிறார்கள். மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு மகள் எஃப்.பி.ஐ.க்குப் போனதில் தந்தைக்கு உடன்பாடு இல்லை. அது வாய்விட்டுப் பேசப்படுவதில்லை. ஆனாலும் வாசலில் நின்று விடைபெறும்போது இருவருக்கும் நடுவே அது நிற்கிறது. ‘மோபி டிக்’ நாவலின் கப்பல் தலைவன் பெயரால் அவரை அவள் ஏஹாப் என்று அழைக்க, அந்தக் கப்பலின் துணை அதிகாரி பெயரால் அவளை அவர் ஸ்டார்பக் என்று அழைக்க, அந்தச் செல்லப் பெயர்களைச் சொல்லி இருவரும் பிரிகிறார்கள். அன்றிரவு சோபாவில் தூங்கிவிட்டு விழித்துப் பார்க்கிறவளுக்கு எதிரே நாற்காலியில் அப்பா அமர்ந்திருக்கிறார். அவர் உதடுகள் அசைகின்றன, குரல் கேட்கவில்லை. தொலைபேசி மணி அடிக்கிறது. அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று அம்மா சொல்கிறார். திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கிறது.

அஸ்தியைக் கடலில் கரைத்த கையோடு அவள் வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். ஏன் வந்தாய் என்று மல்டர் கேட்க, வேலை செய்தாக வேண்டும் என்பதற்கு மேல் அவளிடம் விளக்கம் இல்லை. மரண தண்டனைக்குக் காத்திருக்கும் கொலைகாரன் ஒருவன் (பிராட் டூரிஃப் நடுங்க வைக்கும் அளவுக்கு நடித்திருக்கிறார்) அவளை ‘ஸ்டார்பக்’ என்று அழைத்துவிடுகிறான். இறந்த தந்தையிடமிருந்து தன்னால் செய்தி பெற்றுத் தர முடியும் என்று ஆசை காட்டுகிறான். எதையும் நம்பாதவள் இதை நம்பத் துடிக்கிறாள். கடைசியில், அந்தச் செய்தியைக் கேட்பதற்கான ஒரே வாய்ப்பான அவனது தண்டனை நிறைவேற்றத்துக்கு அவள் போவதில்லை. குண்டடி பட்டுக் கிடக்கும் மல்டரின் கட்டில் அருகே அமர்ந்திருக்கிறாள். நம்புவதற்குத் தனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறாள். அப்பா சொல்ல நினைத்ததை இனி அறியவே முடியாதே என்று அவன் கேட்க, தனக்குத் தெரியும் என்கிறாள். எப்படி என்றால், அவர் என் அப்பா என்கிறாள். அஸ்தி கரைத்த அன்று, என்னைப் பற்றி அவருக்குப் பெருமை இருந்ததா என்று அவள் கேட்டபோது தாய் தந்த பதிலும் அதுவேதான்: அவர் உன் அப்பா. அன்று அந்தப் பதில் போதவில்லை. இன்று அதையே தன் வாயால் சொல்லும் நிலைக்கு அவள் வந்து சேர்ந்திருக்கிறாள். தாயாக நடித்த ஷீலா லார்கனுக்கும், ஒரே காட்சியில் ஒரு வாழ்நாள் உறவைக் காட்டிவிட்ட டான் டேவிஸுக்கும் என் வணக்கம்.

இந்த அத்தியாயத்தை எங்களோடு அமர்ந்து பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவருக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன். “அவள் எப்போது அழுகிறாள் என்று குறித்துக்கொண்டிருக்கிறாயே, யார் முன்னால் அழுகிறாள் என்று பார், அம்மா” என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என் உரையின் முதுகெலும்பாக அமைந்தது. அதன் பிறகு எல்லா அத்தியாயங்களையும் அந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தேன். ஸ்கல்லியின் நெகிழ்ச்சி அவளை மீறி வழிந்துவிடுவது அரிது. யாரிடம் காட்டலாம், யாரிடம் கூடாது என்று அவள் தேர்ந்துகொண்டே இருக்கிறாள்.

இதற்கு மிகச் சிறந்த சான்று 1995 ஜனவரி 13 அன்று வெளியான ‘இர்ரெசிஸ்டிபிள்’. கார்ட்டர் எழுதி, நட்டர் இயக்கியது. பேயும் பிசாசும் இல்லாத கதை. இறந்த பெண்களின் முடியையும் நகத்தையும் வெட்டி எடுத்துக்கொண்டு போகிற, பார்வைக்குச் சாதுவான ஒரு மனிதன்தான் அதில் கொடியவன். தான் கடத்தப்பட்டு மீண்ட காயம் ஆறாத நிலையில் இந்த வழக்குக்கு வருகிற ஸ்கல்லி, கேட்பவர்களிடமெல்லாம் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்கிறாள். அலுவலக மனநல ஆலோசகரிடம் மட்டும் கொஞ்சம் திறக்கிறாள். மல்டரை நம்பி உயிரையே ஒப்படைப்பேன், ஆனால் இது என்னை எவ்வளவு பாதிக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டாம், என்னைப் பாதுகாக்க வேண்டும் என்று அவர் நினைக்கக் கூடாது என்கிறாள். எங்கள் வட்டத்தைச் சேர்ந்த மனநல ஆலோசகர் ஒருவர் இந்தக் காட்சியைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஆலோசகராக நடித்த கிறிஸ்டின் வில்லஸ் எங்கெல்லாம் அடுத்த கேள்வியைக் கேட்காமல் பொறுத்திருக்கிறார் என்பதை எனக்குச் சுட்டிக்காட்டினார். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் ஸ்கல்லி அதையும் சொல்லியிருக்க மாட்டாள். தொழில் அறிவோடு அவர் தந்த அந்த விளக்கத்துக்கு என் தனிப்பட்ட நன்றி.

அதே அத்தியாயத்தின் இறுதியில், கொடியவனின் பிடியிலிருந்து மீட்கப்பட்டவளின் மணிக்கட்டுக் கட்டுகளை மல்டர் அவிழ்க்கிறான். அப்போதும் நன்றாக இருக்கிறேன் என்றே தலைகுனிந்து சொல்கிறாள். அவன் அவள் மோவாயை மெல்ல உயர்த்துகிறான். கண்கள் சந்தித்ததும் உதடு கோணுகிறது, முகம் உடைகிறது, அவன் மார்பில் சாய்ந்து அழுதுவிடுகிறாள். ஆண்டர்சன் அந்த இரண்டு மூன்று விநாடிகளில் செய்திருப்பதை எந்த நடிப்புப் பள்ளியும் பாடமாக வைக்கலாம். டுகோவ்னிக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும்: ஆறுதல் வார்த்தை தேடாமல், அவளைத் தாங்கி நின்றதோடு நிறுத்திக்கொண்டார்.

1997 பிப்ரவரியில் வந்த ‘மெமென்டோ மோரி’க்காக கார்ட்டர், ஃபிராங்க் ஸ்பாட்னிட்ஸ், ஜான் ஷைபன், வின்ஸ் கில்லிகன் ஆகிய நால்வருக்கும் இயக்குநர் ராப் போமனுக்கும் நன்றி. ஸ்கல்லிக்கு மூக்கின் பின்புறம், மூளைக்கு அருகே புற்றுக்கட்டி என்று தெரியவருகிறது. அந்தச் செய்தியை மல்டரிடம் அவள் ஒரு மருத்துவராக, வேறொரு நோயாளியின் நிலையை எடுத்துச் சொல்வதைப் போலச் சொல்கிறாள். புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய என் தோழி இதைப் பார்த்துவிட்டு, மருத்துவத் துறையில் இருப்பவர்கள் நோயாளியாகும்போது பெரும்பாலும் இப்படித்தான் பேசுவார்கள், கலைச்சொற்கள் தீரும் வரை அழுகை வராது என்றார். பல மாலைப் பொழுதுகளை எனக்காக ஒதுக்கி, நோயின் போக்கையும் சிகிச்சையின் வலியையும் அவர் விளக்கியிராவிட்டால் உரையின் அந்தப் பகுதி வெறும் கதைச்சுருக்கமாகவே நின்றிருக்கும். அந்த ஆண்டு ஆண்டர்சனுக்குச் சிறந்த நாடகத்தொடர் நடிகைக்கான எம்மி விருது கிடைத்தது. தகுதிக்குக் கிடைத்த மரியாதை.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது அதே ஆண்டு மே மாதம் வந்த ‘எலெஜி’. சாவை நெருங்கியவர்களின் கண்ணுக்கு மட்டுமே தெரியும் உருவங்களை ஸ்கல்லியும் பார்த்துவிடுகிறாள், பார்த்ததை மறைக்கிறாள். மறைத்தது ஏன் என்று மல்டர் கோபப்படுகிறான். நீ எதற்குப் பயப்படுகிறாயோ அதற்குத்தான் நானும் பயப்படுகிறேன் என்கிறான். வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் காருக்குப் போனவள், கதவைச் சாத்திக்கொண்ட பிறகு தனியாக அழுகிறாள். தோள் கொடுக்க ஆள் இருந்தும், அந்த அழுகையை அவள் அவனிடம் கொண்டுபோகவில்லை. அவனுடைய பயத்தையும் சேர்த்துச் சுமக்க அன்று அவளிடம் தெம்பு இல்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அடுத்து வந்த கிறிஸ்துமஸ் காலத்து இரு பகுதிக் கதையில், அவளுக்குத் தெரியாமல் அவளுடைய கருமுட்டையிலிருந்து உருவாக்கப்பட்ட குழந்தை ஒன்று அறிமுகமாகி இறந்தும் போகிறது. பலரை உருக்கிய கதை அது. எனக்கு அவ்வளவு உவப்பில்லை. துயரம் அவளுக்குள்ளிருந்து எழாமல், வெளியிலிருந்து கொண்டுவந்து அவள் தலையில் இறக்கப்பட்டதாகத் தோன்றுகிறது.

உரைக்கான தரவுகளைத் தேடித் தந்த கல்லூரி மாணவிகள் இருவருக்கும் நன்றி. திரையில் பெண்கள் காட்டப்படும் விதத்தை ஆராயும் ஜீனா டேவிஸ் நிறுவனம் பங்கேற்று 2018இல் வெளியான ஆய்வை அவர்கள்தாம் என் பார்வைக்குக் கொண்டுவந்தார்கள். அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் பணிபுரியும், ஸ்கல்லியை அறிந்த பெண்களில் 63 சதவீதத்தினர் அவளைத் தங்கள் முன்மாதிரி என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். ‘ஸ்கல்லி விளைவு’ என்று பேசப்படுவது இதுதான். அவளுடைய அறிவைப் பார்த்து ஆய்வகத்துக்கு வந்த அந்தப் பெண்கள், அவளுடைய காரையும் அந்த மூடிய கதவையும் பார்த்திருப்பார்கள் அல்லவா? பணியிடத்தில் அழ இடமில்லாத பெண்ணும் அழுகிறாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

அரங்கைக் கொடுத்தவர்கள், ஒலியும் ஒளியும் பார்த்துக்கொண்டவர்கள், எழுத்துப் பிழை திருத்தியவர்கள், மழையிலும் வந்து அமர்ந்திருந்தவர்கள் அனைவருக்கும் என் நன்றி உரியது.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து எழுந்த ஓர் இளம்பெண்ணுக்கும் கடன்பட்டிருக்கிறேன். மல்டரும் அழுகிறானே, சூறையாடப்பட்ட தன் வீட்டின் நடுவே உட்கார்ந்து விம்மும் காட்சிகூட இருக்கிறதே, அதை யாரும் பலவீனம் என்று விவாதிப்பதில்லையே, ஏன் என்று அவர் கேட்டார். நேரம் முடிந்துவிட்டதால் அன்று என்னால் முழுமையாகப் பதில் தர இயலவில்லை. உரையின் எழுத்து வடிவத்தில் அந்தக் கேள்விக்கென ஒரு பகுதியைச் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன்; முடிந்ததும் முதல் பிரதி அவருக்குத்தான்.

நன்றியுடனும் அன்புடனும்,

உரையாற்றியவர்