முழுப் பாட்டையும் அனுப்பு, பாப்பா

அன்புள்ள பாப்பா,

"குரூப்ல இப்போ யாரும் பேசறதில்லப்பா, எல்லாரும் பிஸி" என்று சொல்லிவிட்டு நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்கு அது மனசை விட்டுப் போகவில்லை. ஒரே புத்தகத்தை ஆளுக்கு ஆள் வாங்கிப் படித்துவிட்டு விடிய விடியச் சண்டை போட்ட கூட்டம் அது. பேச விஷயம் தீர்ந்துபோயிருக்காது. கேட்கும் விதத்தில்தான் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. இதில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டுச் சும்மா வைத்துவிடாதே, செய்து பார்.

"உனக்கு ரொம்பப் பிடித்த புத்தகம் எது?" என்று யாரையும் கேட்காதே. படித்ததையெல்லாம் மனசுக்குள் வரிசையாக நிறுத்தி அதில் ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற யோசனை வேறு. எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். "சமீபத்தில் எதைப் பாதியில் நிறுத்தினாய், எந்த இடத்தில்?" என்று கேட்டுப் பார். பதில் உடனே வரும். அதில் ஒரு கோபமோ சலிப்போ இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு பேச்சு நடக்கும். "எந்தத் தொடரை மறுபடி முதலிலிருந்து பார்த்தாய்?" என்பதும் நல்ல கேள்வி. மனசு சரியில்லாத நாட்களில்தான் பலரும் தெரிந்த கதைக்கே திரும்பிப் போகிறார்கள். அதனால் இந்தக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேட்க வேண்டும். பதில் வந்ததும் உன்னுடையதைச் சொல்லப் பாயாதே. "அந்த இடத்தில் ஏன் நிறுத்தினாய்?" என்று இன்னும் ஒன்று கேள்.

குழுவில் பொதுவாகப் போடாதே, ஒருவரைப் பேர் சொல்லிக் கேள். பொதுவில் போட்டால் மற்றவர் பதில் சொல்வார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். கேட்டவருக்கோ, யாருக்குமே நான் வேண்டாம் போல என்று தோன்றும். அப்படி இல்லை, பாப்பா. பேர் சொல்லாத கேள்விக்குக் கிடைக்கும் மரியாதை எப்போதுமே அவ்வளவுதான். ரொம்ப நாள் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதவும் வேண்டாம், படிக்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். படித்துக்கொண்டிருக்கும் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து, ஒரு வரியை மட்டும் பென்சிலால் கோடிட்டு, "இது உண்மையென்று நினைக்கிறாயா?" என்று ஒருத்திக்கு அனுப்பு. ஒரு வரியில் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் விட்டு வேறொன்று அனுப்பு, முதலில் அனுப்பியதை நினைவுபடுத்தாதே.

தொடர்களைப் பற்றி என்றால், வாயைத் திறக்கும் முன் "எந்த எபிசோட் வரை பார்த்திருக்கிறாய்?" என்று கேட்டுவிடு. குறைவாகப் பார்த்தவர் எங்கே நிற்கிறாரோ அதுவரைக்கும்தான் பேச்சு. கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லாதே, ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள். கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனை வாராவாரம் எழுதினார். அடுத்த இதழ் வரும்வரை எல்லாருக்கும் தெரிந்தது ஒரே அளவுதான், அதனால் யாரும் யாரையும் முந்த முடியாது. இப்போது ஒரே ராத்திரியில் எட்டு எபிசோடையும் பார்த்து முடித்துவிடுகிறார்கள். பேச ஆள் தேடும்போது மற்றவர்கள் எங்கேயோ நிற்கிறார்கள். நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாரத்துக்கு இரண்டு எபிசோட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளையும் நேரத்தையும் மட்டும் மாற்றாதீர்கள், நேர வித்தியாசம் இருக்கும்போது மாற்ற ஆரம்பித்தால் அதோடு போச்சு. சிபாரிசு செய்தால் ஒன்றே ஒன்று செய். "முதல் ஐம்பது பக்கம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்" என்று குறையையும் சேர்த்தே சொல். "படிச்சிட்டியா?" என்று பின்னாலேயே போகாதே.

எனக்கு முக்கியமாகப் படுவது மேற்கோள் விஷயம்தான். அதில் நீ என்னை விடக் கெட்டிக்காரி. பள்ளியில் முழுப் பாட்டையும் அடி பிசகாமல் சொன்னவள். அந்தப் பச்சை நோட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

கைமாறிக் கைமாறி வரும் வரியிலிருந்து எழுதியவர் பெயர் உதிர்ந்துவிடும், பெரிய பெயர் ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்" என்பதைப் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் சொன்னதாகத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். எவலின் பியாட்ரிஸ் ஹால் 1906-ல் வோல்டேரின் நண்பர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் வோல்டேரின் மனப்போக்கைத் தன் சொற்களில் சொன்ன வாக்கியம் இது. மேற்கோள்குறிக்குள் இருந்ததால் வோல்டேரே பேசியதாகப் பரவிவிட்டது. அதனால் ஒரு வரியை அனுப்புமுன் இரட்டை மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடு. பழைய தமிழ் வரி என்றால் பதம் பிரித்து ஒரு தடவை, பிரிக்காமல் ஒரு தடவை. "அவற்றோ ரன்ன" என்று ஒரு பதிப்பிலும் "அவற்றோரன்ன" என்று இன்னொன்றிலும் இருக்கும், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. நூல் பெயரும் பாட்டு எண்ணும் இல்லாமல் வெறும் படங்களாகவே வந்தால் நம்பாதே. தோழி தப்பாக அனுப்பினால் எல்லார் முன்னாலும் திருத்தாதே, தனியாகச் சொல். அதற்கும் முன்னால், இந்த வரி அவளுக்கு இப்போது ஏன் பிடித்தது என்று கேள். மேற்கோளை அனுப்புகிறவர்கள் பல சமயம் தங்களைப் பற்றித்தான் சொல்கிறார்கள். நேராகச் சொல்ல வராததால் இன்னொருவர் வாக்கைக் கடன் வாங்குகிறார்கள்.

உன் ஸ்டேட்டஸில் இருக்கிற மூன்று சொல்லைப் பார்த்தேன். "சாதலும் புதுவது அன்றே." புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார். சொற்கள் சரி. ஆனால் நடு அடியில் வெட்டி எடுத்திருக்கிறாய், பாப்பா. அச்சில் அந்த அடி அங்கே முடியவில்லை, "வாழ்தல்" என்று முடிந்து அடுத்த அடிக்குப் போகிறது: "இனிதென மகிழ்ந்தன்றும் இலமே". அதற்கும் அடுத்து, வெறுப்பு வந்தபோது வாழ்க்கை துன்பம் என்று சொல்வதும் இல்லை என்கிறார். பதின்மூன்று அடிப் பாட்டு அது. சாவைப் பற்றிச் சொன்ன அதே மூச்சில் வாழ்வைப் பற்றிச் சொல்லி, ஆற்றில் போகும் புணையை, அதாவது தெப்பத்தைக் காட்டி, பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று மனிதர்களிடத்தில் வந்து நிற்கிறது. அந்த மூன்று சொல்லை மட்டும் தனியாக வைத்தால் பூங்குன்றனார் சொன்னதாக ஆகாது. வேறு யாரோ சொல்வது போல இருக்கிறது.

ஏன் அந்த வரி என்று உன் கூட்டத்தில் யாராவது உன்னைக் கேட்டார்களா? கேட்டிருக்க வேண்டும். நீ அவர்களைக் கேட்டிருப்பாய்.

அதற்கு முந்தின பாட்டையும் எடுத்துப் படி, 191. பிசிராந்தையார் பாடியது. இத்தனை வயதாகியும் நரை ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்கிறார். மனைவி, மக்கள், ஏவலர், அரசன் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே வந்து, நான் வாழும் ஊரில் சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்று முடிக்கிறார். கோப்பெருஞ்சோழனோடு நேரில் பழகாமலே நட்பாக இருந்தவர் அவர். நட்புக்குக் கூடியிருந்து பழக வேண்டியதில்லை என்று சொல்லும் "புணர்ச்சி பழகுதல் வேண்டா" என்ற 785-ஆம் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இந்த இரண்டு பேரைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார். தூரத்தில் இருந்தால் நட்பு தேயும் என்று யாரும் உனக்குச் சொல்ல வேண்டாம்.

உனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தவள் எங்களிடம் "நல்லா இருக்கேன்" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வதுதான் எனக்குப் புரியவில்லை. மாமா அன்றைக்குப் பேசியதை மனசில் வைத்துக்கொண்டிருந்தால் விட்டுவிடு, அவருக்கு நான் சொல்லிவிட்டேன். பெரியம்மா வீட்டுச் சமாச்சாரம் நிறைய இருக்கிறது, இப்போது எழுத ஓடவில்லை. அம்மாவுக்கு நான் கடிதம் எழுதுவது தெரியும். ஸ்டேட்டஸை இன்னும் காட்டவில்லை.

திரும்பவும் சொல்கிறேன், ஒருவரைப் பேர் சொல்லிக் கேள். யாரைக் கேட்பது என்று தோன்றாவிட்டால் என்னைக் கேள். எந்த நேரமானாலும் சரி. நானும் உன்னைப் பேர் சொல்லியே கேட்கிறேன்: அந்த வரி உனக்கு ஏன் இப்போது பிடித்தது? சரியான பதில், தப்பான பதில் என்று எதுவும் இல்லை. நீ எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வேன், நடுவில் பேச மாட்டேன், திட்ட மாட்டேன். உடனே கிளம்பி வா என்றாலும் வருகிறேன்.

சனிக்கிழமை உன் நேரப்படி காலை ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன். அதுவரை பொறுக்க முடியாது என்று தோன்றினால் இதைப் படித்த கையோடு நீயே கூப்பிடு. போனை சைலண்டில் போடாதே.

அப்பா