ஸ்வீடனின் கிரென்னா ஊரில் உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

யொன்ஷோப்பிங் நகரத்து அக்காவுக்கும், அவர் சொன்னார் என்பதற்காகவே கிரென்னாவில் எங்களுக்காக நேரம் ஒதுக்கிய எல்லோருக்கும் வணக்கம். இதை ஸ்வீடிஷில் அவர்களுக்குச் சொல்லும் வேலையும் அக்கா தலையில்தான் விழப்போகிறது, அதற்கும் சேர்த்து முதலிலேயே நன்றி.

மிட்டாய்க் கடைக்காரரே, வியாபார நேரத்திலும் எங்களை ஓரமாக நிற்கவிட்டு வேலையைக் காட்டினீர்கள். காய்ச்சிய பாகைக் கொக்கியில் மாட்டி இழுக்க இழுக்கக் காற்று புகுந்து வெள்ளையாவதை என் மகள் வாய்பிளந்து பார்த்தாள். கணவரை இழந்து கைக்குழந்தையோடு நின்ற அமாலியா எரிக்சன், 1859இல் ஊர் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கித் தொடங்கிய தொழில் இது. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட அந்தப் பொல்காகிரிஸ் மிட்டாயை வைத்துத்தான் இன்றும் ஊரில் பாதிக் கடைகள் ஓடுகின்றன போல.

அருங்காட்சியகத்து அம்மா, உங்களுக்குத்தான் பெரிய கடன்பட்டிருக்கிறேன். சாலமன் ஆகஸ்ட் ஆந்த்ரே என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டேன். 1854இல் இதே ஊரில் பிறந்தவர், ஹைட்ரஜன் பலூனில் வடதுருவத்துக்குப் போகிறேன் என்று ஸ்ட்ரிண்ட்பெரி, ஃப்ரெங்கெல் என்ற இரண்டு இளைஞர்களோடு 1897 ஜூலை 11 அன்று ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளிலிருந்து கிளம்பினார், மூன்றே நாளில் பலூன் பனிக்கட்டிமேல் இறங்கிவிட்டது, அப்புறம் மாதக்கணக்கில் நடந்து ஒரு தீவை அடைந்து மூவரும் அங்கேயே இறந்துபோனார்கள். 1930இல் ஒரு நார்வே கப்பல்காரர்கள் கண்டுபிடிக்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது. முப்பத்து மூன்று வருடம் பனியில் கிடந்த அவர்களுடைய கேமரா ஃபிலிமைக் கழுவியபோது படங்கள் வந்தன என்பதை என்னால் இன்னும் நம்பமுடியவில்லை! சரிந்து கிடக்கும் பலூனை இரண்டு பேர் நின்று பார்க்கும் அந்தப் படத்தின் முன்னால் நீங்கள் எங்களை அவசரப்படுத்தவே இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது, சொந்த ஊர்க்காரர் என்று நீங்கள் பூசி மெழுகாததுதான். பலூனில் வாயு கசிகிறது என்று முந்தைய வருடமே எச்சரித்து ஒருவர் குழுவிலிருந்து விலகியதையும், ஆந்த்ரே அதைக் காதில் வாங்காததையும் நீங்களே சொன்னீர்கள். எந்த ஊரிலும் சிலை வைத்த மனிதரைப் பற்றி இப்படிப் பேசக் கேட்பது அபூர்வம்.

விசிங்ஸோ தீவுக்குப் போகும் படகில் அம்மாவின் சக்கர நாற்காலியை ஏற்றி இறக்கிய தம்பிகளே, நீங்கள் இல்லாவிட்டால் அவர் அந்த ஓக் காட்டைப் பார்த்திருக்கவே மாட்டார். போர்க்கப்பல் கட்ட 19ஆம் நூற்றாண்டில் நட்ட மரங்களாம், அவை முற்றுவதற்குள் கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. காட்டுக்கு நல்லதாகப் போயிற்று.

கடைசியாக, பிராஹேஹூஸ் இடிபாட்டுக்குத் தன் காரில் கூட்டிப்போன பெரியவருக்கு. 1652இல் இந்த ஊரை நிறுவிய பேர் பிராஹே கட்டிய மாளிகை 1708இல் எரிந்தது, தீவில் அவர்கள் குடும்பக் கோட்டை 1718இல் எரிந்தது, பிராஹேக்களுக்கும் நெருப்புக்கும் ஏதோ பகை. கூரையில்லாத ஜன்னல் வழியே வெட்டர்ன் ஏரியும் தீவும் முழுதாகத் தெரிய, எங்கள் எல்லோரையும் சேர்த்துப் படமெடுக்க அவ்வளவு பொறுமையாக நின்றீர்கள் ஐயா. பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தும் வாங்கவில்லை. படங்களை அச்சிட்டு வைத்திருக்கிறேன், இந்த வாரமே தபாலில் வரும்.